டிரிங்கோமலிக்குப் பலகை ஒட்டும் முன்

அன்புள்ள கயலுக்கு,

எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாடலைக் கட்டப் போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். திருகோணமலையின் பெயர் தாங்கிய அந்தக் கப்பல் 1817-இல் பம்பாயில், கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தாரின் கைவேலையாகத் தேக்கில் உருவானது. நெப்போலியன் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. ஓக்கிலுள்ள அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கில் அந்தத் தொல்லை இல்லை. கப்பல் இன்றும் மிதப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் எந்த வருடத்துக் கப்பல் என்று முடிவு செய். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்று நிற்பதைப் படமெடுத்து அப்படியே செய்தால் 1817-இன் கப்பல் வராது. 1840-களில் பீரங்கிகளைக் குறைத்து மாற்றியமைத்தபோது, தட்டையாக இருந்த பின்புறத்தை வளைவாக்கிவிட்டார்கள்.

பலகை ஒட்டுவதில்தான் பெரும்பாலான மாடல்கள் கெடுகின்றன. ஒட்டும் முன், கப்பல் உடலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களின் விளிம்பை 120 நம்பர் உப்புத்தாளால் சரிவாகத் தேய். பலகையாக ஒட்டப்போகும் மெல்லிய பட்டை ஒன்றை நான்கைந்து சட்டங்களின் மேல் படியவைத்துப் பார். எங்கும் இடைவெளி தெரியக் கூடாது. அணியத்தில், அதாவது கப்பலின் முன்முனையில், முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே மெதுவான பால்சா மரக்கட்டை அடைத்துவிடு. அங்கே வளைவு கடுமை, வெறும் சட்டத்தின் மேல் பட்டை முறிந்து நிற்கும்.

பிறகு கணக்கு. கப்பலின் நடுவில் மேலிருந்து ஏரா வரை, அதாவது அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை வரை, வளைவோடு அளந்து 100 மில்லிமீட்டர் வருகிறது என்று வை. 5 மில்லிமீட்டர் பட்டை என்றால் 20 வரிசை. அதே அளவு அணியத்தில் 64 மில்லிமீட்டர் என்றால், ஒவ்வொரு பட்டையும் அங்கே 3.2-ஆக ஒடுங்க வேண்டும். இதைச் செய்யாமல் பக்கவாட்டில் வளைத்து ஒட்டினால், பட்டையின் ஒரு விளிம்பு தூக்கிக்கொள்ளும். எவ்வளவு பசை போட்டாலும் படியாது. ஆனால் பாதி அகலத்துக்குக் கீழே ஒடுக்காதே. அப்படித் தேவைப்பட்டால் இரண்டு பட்டைகளை ஒன்றில் முடித்துவிடு. பின்புறத்தில் நிலைமை நேர்மாறு: இடைவெளி விரியும், ஆப்பு வடிவத் துண்டு செருக வேண்டும். ஏராவை ஒட்டிய முதல் பட்டையை அணியத்தில் மேலே ஏறவிடாதே. அது ஏறினால் மற்றவற்றுக்கு இடமே இருக்காது.

வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, சூட்டில் வளைத்து, காய்ந்த பிறகே ஒட்டு. ஈரத்தோடு ஒட்டினால் சுருங்கிக் கோடு விழும். இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றியே போ. ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் வந்தால் ஏரா முறுக்கிக்கொள்ளும், அதைத் திருத்த வழியில்லை.

கயிறு வேலையைப் பிறகு எழுதுகிறேன். பலகையின் முதல் அடுக்கு முடிந்ததும் நேர் முன்னாலிருந்து ஒரு படம் அனுப்பு. முறுக்கு இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

அன்புடன்,
அப்பா