"லோடு கட்டுவது பார்ட்டி பொறுப்பு" என்ற தங்கள் பதில் குறித்துப் புகார்

அனுப்புநர்
கொள்முதல் மற்றும் பராமரிப்புப் பிரிவு,
எந்திர உதிரிபாகத் தொழிற்கூடம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்
மண்டல மேலாளர்,
லாரி சரக்குப் போக்குவரத்து நிறுவனம்,
பெங்களூரு.

பொருள்: பெங்களூரு பீனியாவிலிருந்து கோவைக்கு வந்த சி.என்.சி. லேத் (கணினிக் கட்டுப்பாட்டுக் கடைசல் எந்திரம்), சரியாகக் கட்டப்படாததால் லாரியில் நகர்ந்து சேதமடைந்தது. இழப்பீடு கோருதலும், கேரியேஜ் பை ரோடு சட்டம் (சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம்) 2007, பிரிவு 16ன்படி முன்னறிவிப்பும்.

ஐயா,

தங்கள் கிளையில் முழு வண்டியாகப் பதிவு செய்த 4 டன் லேத், தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடித்தபோது ஒரு மீட்டருக்கு மேல் வழுக்கி, கேபினுக்குப் பின்னால் உள்ள முன்தடுப்பில் மோதியிருக்கிறது. கண்ட்ரோல் பேனலைத் தாங்கும் கை வளைந்துவிட்டது. உலோகச் சீவலை வெளியேற்றும் சிப் கன்வேயரின் வாய் நசுங்கிவிட்டது. ஹெட்ஸ்டாக் (சுழலும் தலைப்பகுதி) பக்கத்து லெவலிங் போல்ட் இரண்டும் சாய்ந்துவிட்டன. இறக்கும் முன் எடுத்த படங்களும், எல்.ஆர். (லாரி ரசீது) மீது ஓட்டுநர் கையெழுத்தோடு எழுதிய சேதக் குறிப்பும் இணைப்பில் உள்ளன.

இதற்குத் தாங்கள் அனுப்பிய பதில் இரண்டே வரி: "லோடிங் பார்ட்டி பொறுப்பு. கட்டியதில் குறை இருந்தால் ஏற்றிய கம்பெனியைக் கேட்கவும்." ஏற்றிய கம்பெனியை, அதாவது எந்திரத்தின் தயாரிப்பாளரைக் கேட்டால், "எங்கள் கேட்டைத் தாண்டினால் லாரிக்காரர் பாடு" என்கிறார்கள். இருவருக்கும் இடையில் எந்திரம் மட்டும் அடிபட்டு நிற்கிறது. ஆகவே யார் வேலை எது என்பதைப் பிரித்தே எழுதுகிறோம்.

ஏற்றுவது வேறு, கட்டுவது வேறு. எல்.ஆர். பின்பக்கத்தில் தாங்கள் அச்சிட்டிருப்பது "ஏற்றுதல், இறக்குதல் பார்ட்டி பொறுப்பு" என்பதுதான். கட்டுதல் என்ற சொல்லே அதில் இல்லை. ஹைட்ரா கிரேன் கொண்டு எந்திரத்தைத் தூக்கி லாரித் தளத்தில் உட்கார வைத்ததோடு ஏற்றும் வேலை முடிகிறது. அதைத் தளத்தோடு பிணைப்பதற்கு வண்டியின் கொக்கி எந்த எடை தாங்கும், எந்தப் பாதையில் போகிறது, எத்தனை பெல்ட் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். இவை வண்டி வைத்திருப்பவருக்கே தெரியும். எந்திரம் செய்தவருக்கு அவருடைய கேட்டுக்கு வெளியே நிற்கும் வண்டியைப் பற்றி என்ன தெரியும்?

அவருடைய பங்கை அவர் செய்திருக்கிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடை பேக்கிங் சீட்டில் இருக்கிறது. எடை மையம் நடுவில் இல்லை, ஹெட்ஸ்டாக் பக்கம் தள்ளியிருக்கிறது என்பதற்கான குறி எந்திரத்தின் மீதே ஒட்டப்பட்டிருக்கிறது. எந்திரத்தில் நகரும் பாகங்களான டர்ரெட், டெயில்ஸ்டாக், கதவு மூன்றும் நகராமல் சிவப்பு வண்ணப் பிடிகள் போட்டிருந்தார்கள். அவை அப்படியே இருந்தன. எந்திரத்துக்குள் எதுவும் நகரவில்லை, எந்திரம்தான் நகர்ந்தது. எங்கள் ஆர்டர் எக்ஸ்-ஒர்க்ஸ் முறையில், அதாவது தயாரிப்பாளரின் இடத்திலிருந்து எடுத்துச் செல்வது வாங்குபவர் பொறுப்பு என்ற முறையில் போடப்பட்டது. வண்டியை அமர்த்தியது நாங்கள். ஆகவே கட்டு பற்றிய கேள்வி எங்களுக்கும் தங்களுக்கும் இடையிலானது.

இனி கட்டின் நிலை. படத்தில் தெரிவது இரண்டு ராட்செட் பெல்ட் (கைப்பிடியால் இறுக்கும் பட்டை), அதற்கு மேல் தார்பாய்க்காகப் போட்ட நைலான் கயிறு. கயிற்றைக் கணக்கில் சேர்க்கவே முடியாது. இழுத்தால் நீளும், நனைந்தால் தளரும், முடிச்சில் பலம் குறையும். தார்பாய் பறக்காமல் இருக்க அது போதும், 4 டன்னைப் பிடிக்கப் போதாது.

பெல்ட் விஷயத்தில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். 50 மில்லிமீட்டர் பெல்ட்டின் நீல லேபிளில் எல்.சி. (தாங்கும் திறன்) 2,500 என்று இருக்கும். "இரண்டு பெல்ட், ஐந்து டன் தாங்குமே, எந்திரம் நாலு டன்தானே" என்று தங்கள் புக்கிங் அலுவலகத்தில் சொன்னதும் இதை வைத்துத்தான். அந்த எண், பெல்ட் நேராக இழுபடும்போது எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்கிறது. சரக்கின் மேலே போட்டு இரு பக்கமும் மாட்டும்போது பெல்ட் சரக்கை இழுத்துப் பிடிப்பதில்லை, தளத்தோடு அழுத்த மட்டுமே செய்கிறது. அந்த அழுத்தம் ராட்செட்டைக் கையால் இறுக்கும்போது கிடைக்கும் இழுவையைப் பொறுத்தது. அதே லேபிளில் எஸ்.டி.எஃப். என்று அதுவும் எழுதியிருக்கும். சாதாரண ராட்செட்டுக்கு ஏறத்தாழ 300 கிலோ விசை. 2,500 எங்கே, 300 எங்கே!

கணக்கைப் போட்டுப் பாருங்கள். அழுத்திப் பிரேக் பிடித்தால் சரக்கு தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னால் போகப் பார்க்கும், வளைவில் பக்கவாட்டில் 0.5 பங்கு. ஐரோப்பாவில் லோடு கட்டுவதற்கான இ.என். 12195 தரம் எடுத்துக்கொள்ளும் அளவு இது. பிரேக் பிடிக்கும்போது 4,000 கிலோவுக்கு இது 3,200 கிலோ விசை. இரும்புத் தளத்தின் மேல் எந்திரத்தின் இரும்புச் சட்டம் நேரடியாக உட்கார்ந்தால் உராய்வுக் கெழு (அழுத்தத்தில் எத்தனை பங்கு பிடிப்பாக மாறும் என்ற அளவு) ஏறத்தாழ 0.2. எனவே எந்திரத்தின் சொந்த எடை பிடித்துக்கொள்வது 800 கிலோதான். மிச்சம் 2,400ஐக் கட்டு பிடிக்க வேண்டும். ஒரு பெல்ட் இரு பக்கமும் சேர்த்து 600 கிலோ அழுத்தும். அதில் உராய்வாக மாறுவது 120. இரண்டு பெல்ட்டுக்கு 240. தேவையில் பத்தில் ஒரு பங்கு! இப்படியே கட்டுவதானால் இருபது பெல்ட் வேண்டும். இருபது பெல்ட்டோடு எந்த லாரியும் கிளம்புவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும்.

அதற்காகத்தான் ரப்பர் விரிப்பு இருக்கிறது. 8 மில்லிமீட்டர் கனமுள்ள வழுக்காத ரப்பர்த் துண்டுகளைச் சட்டத்தின் அடியில் எல்லாத் தாங்குமிடத்திலும் வைத்தால் உராய்வுக் கெழு 0.6 ஆகிறது. அப்போது சொந்த எடையே 2,400 கிலோவைப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் 800. ஒரு பெல்ட் இப்போது 360 தருகிறது. மூன்று பெல்ட் போதும். இரண்டு மூலையில் வைத்து மற்ற இரண்டை விட்டுவிட்டால் பயனில்லை. எந்திரச் சட்டம் எங்கேயும் லாரித் தளத்தைத் தொடக் கூடாது. தளத்தில் மண்ணும் எண்ணெயும் இருந்தால் ரப்பரும் கைவிட்டுவிடும், முதலில் பெருக்க வேண்டும். விரிப்பின் விலை ஒரு கண்ட்ரோல் பேனல் கையின் விலையில் ஒரு சிறு பகுதிகூட வராது. தங்கள் வண்டியில் ஒரு துண்டும் இல்லை.

மேற்படி கணக்கு பெல்ட் செங்குத்தாக இறங்கும்போது மட்டும் பொருந்தும். தளத்தோடு 30 டிகிரி கோணத்தில் படுத்தாற்போல் போனால் அழுத்தம் பாதியாகிவிடும். தங்கள் ஆள் பெல்ட்டை எந்திரத்தின் தகட்டு மூடியின் மேல் போட்டிருக்கிறார். தகடு உள்வாங்கியதும் பெல்ட் தளர்ந்துவிட்டது. மூடி போனது தனிக் கணக்கு. எந்திரத்தின் அடிப்பாகமான வார்ப்பிரும்புப் படுகையில் இருக்கும் துளைகள்தாம் கட்டுமிடம். விளிம்பில் மூலைக்காப்பும் இல்லை. ராட்செட் உருளையில் பெல்ட் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றப்படவில்லை. இரண்டு சுற்றுக்குக் குறையாமல், மூன்றுக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். ஒரு பெல்ட்டின் ஓரத்தில் பழைய வெட்டு இருக்கிறது. அகலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுப்பட்ட பெல்ட்டை எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, முன்பக்க இடைவெளி. அச்சு எடை சமன்படுவதற்காக எந்திரத்தைத் தளத்தின் நடுவுக்கு நகர்த்தி வைத்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் முன்தடுப்புக்கும் எந்திரத்துக்கும் நடுவில் விட்ட வெற்றிடத்தை நாலுக்கு நாலு அங்குல மரச் சட்டம் கொண்டு முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது படுகையின் பின்மூலைகளிலிருந்து இரண்டு சங்கிலியைப் பின்னோக்கிச் சாய்வாக இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் கிரேடு 8 சங்கிலி நேரடி இழுவையில் 4,000 கிலோ விசை தாங்கும். இங்கே, சாய்வால் குறைவது போக, லேபிள் எண்ணே பயன்படும். கதவுச் சட்டத்தில் பற்றவைத்த கயிற்றுக் கொக்கியில் அல்ல, சேஸிஸோடு சேர்ந்த குறுக்குச் சட்டத்தில் மாட்ட வேண்டும். சரக்கு ஒரு மீட்டர் ஓடி வேகமெடுத்து மோதினால் ஆங்கிள் இரும்பும் தகடும் கொண்ட முன்தடுப்பு எவ்வளவு தாங்கும்? அதற்கு அந்தப் பக்கம் ஓட்டுநரின் முதுகு இருக்கிறது. இந்தத் தடவை தடுப்பு வளைந்ததோடு போயிற்று.

ஓட்டுநர் தன் பங்கில் செய்யக்கூடியது கிளம்பும் முன் பார்ப்பது, முதல் 30, 40 கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி இறுக்குவது, இறக்கத்துக்கு முன் இன்னொரு தடவை பார்ப்பது, கட்டு சரியில்லையென்றால் "எடுக்க மாட்டேன்" என்று சொல்வது. கடைசியாகச் சொன்னதைத் தங்கள் நிறுவனத்தில் எந்த ஓட்டுநராவது சொன்னால் அடுத்த லோடு அவருக்குக் கிடைக்குமா என்பதைத் தாங்களே அறிவீர்கள். பெல்ட்டும் விரிப்பும் சங்கிலியும் கொடுக்காமல், கட்டத் தெரிந்த ஆளையும் அனுப்பாமல், தவறு நேர்ந்த பின் "டிரைவர் கணக்கில் 20,000 பிடித்துத் தருகிறோம்" என்று தொலைபேசியில் சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை. அவர் மீது எங்களுக்குப் புகார் இல்லை.

சட்டப்படியும் தங்கள் பதில் நிற்காது. மேற்படி 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 12ன்படி, சரக்கு சேதமானது ஏற்றிச் சென்றவரின் கவனக்குறைவால்தான் என்று நாங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பிரிவு 17 விலக்கு தருவது இயற்கைச் சீற்றம், போர், கலவரம், சட்டப்படியான பறிமுதல், அரசு உத்தரவு போன்றவற்றுக்கு. திடீர் பிரேக் அந்தப் பட்டியலில் இல்லை. "டிரான்சிட் பாலிசி இருக்கிறதே" என்றும் கேட்டீர்கள். காப்பீட்டு நிறுவனம் எங்களுக்குக் கொடுத்தால், எங்கள் இடத்தில் நின்று அதே தொகையைத் தங்களிடம் கேட்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதிக மதிப்புக்கான கட்டணம் நாங்கள் செலுத்தவில்லை என்பது உண்மை. ஆகவே 2011ஆம் ஆண்டு விதிகளின்படி தங்கள் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு வரை. வாடகை 24,000 ரூபாய், வரம்பு 2,40,000. நாங்கள் கேட்பது 1,86,000 ரூபாய். பேனல் கை, கன்வேயர் வாய், தகட்டு மூடி, லெவலிங் போல்ட்டுகள், தயாரிப்பாளரின் சர்வீஸ் எஞ்சினியர் வந்து படுகை மட்டத்தையும் ஸ்பிண்டில் ரன்-அவுட்டையும் (சுழல் தண்டின் ஆட்டம்) சோதித்துத் தரும் கட்டணம் ஆகியவை இதில் அடங்கும். வெளியே தெரியாத அடி எந்திரத்தில் இருக்கிறதா என்பது அந்தச் சோதனையில்தான் தெரியும். அதைத் தவிர்க்க வழியில்லை. வழக்குக்கு முன்னறிவிப்பு பதிவு நாளிலிருந்து 180 நாளுக்குள் தரப்பட வேண்டும். இக்கடிதத்தை அந்த அறிவிப்பாகவே கொள்ளவும். 30 நாளுக்குள் தொகையை அனுப்பவும், ஓட்டுநர் சம்பளத்தில் பிடித்தம் செய்யவில்லை என்பதை எழுத்தில் தெரிவிக்கவும் கோருகிறோம்.

அடுத்த மாதம் இதே பீனியாவிலிருந்து 2.6 டன் கிரைண்டிங் மெஷின் ஒன்றைத் தங்கள் வண்டியில் எடுக்க ஏற்கெனவே பேசியிருக்கிறோம். வண்டி வரும்போது 8 மில்லிமீட்டர் ரப்பர் விரிப்பு எட்டுத் துண்டு, லேபிள் படிக்கும்படி இருக்கும் பெல்ட் நான்கு, இறுக்கும் டென்ஷனரோடு சங்கிலி இரண்டு, மூலைக்காப்பு எட்டு, நாலுக்கு நாலு மரச் சட்டம் நான்கு, கட்டத் தெரிந்த ஒருவர் ஆகியவை இருக்க வேண்டும். எல்.ஆர். முன்பக்கத்தில் "கட்டும் பொறுப்பு: வண்டி நிறுவனம்" என்று எழுதித் தரவும். இதில் ஒன்று குறைந்தாலும் ஹைட்ரா கொக்கியை மாட்ட வேண்டாம் என்று தயாரிப்பாளரிடம் சொல்லியிருக்கிறோம். காலியாகத் திரும்பும் வாடகை எங்கள் கணக்கில் வராது.

இப்படிக்கு,
கொள்முதல் மற்றும் பராமரிப்புப் பிரிவு

இணைப்பு: எல்.ஆர். நகல், சேதக் குறிப்பு, படங்கள், பேக்கிங் சீட்டு, பழுது மதிப்பீடு.