என் குடும்பப் பெயரைக் கேட்ட கில்ட் கடைக்காரர்களுக்கு

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், ராயல் மைல் தெருவில், ஆண்கள் இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட கில்ட் உடையை விற்கும், வாடகைக்கு விடும் அன்பர்களுக்கு வணக்கம்.

சென்ற கோடையில் நண்பனின் திருமணத்துக்காக உங்கள் தெருக் கடை ஒன்றில் நுழைந்தேன். முதல் கேள்வியே, "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" எனக்கு அப்படி ஒன்று இல்லை. தமிழர்கள் பலருக்கும் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்வோம். எங்கள் தாத்தாக்கள் ஊர்ப் பெயரின் எழுத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் இதை விளக்கி முடிப்பதற்குள் கடைக்காரர், எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் என்று சொல்லும், சுவரில் தொங்கிய குலப் பட்டியலில் என் அப்பாவைத் தேடி முடித்திருந்தார். அகப்படவில்லை. "அப்படியானால் பிளாக் வாட்ச் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை யாரும் உடுத்தலாம்" என்றார், கொஞ்சம் இரக்கத்தோடு.

அந்த இரக்கத்தைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

பிளாக் வாட்ச் யாருடைய துணி? ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் மலைநாட்டைக் கண்காணிக்க 1725இல் அரசு திரட்டிய காவல் அணிகளிலிருந்து உருவான படைப்பிரிவின் துணி. அரியணை இழந்த ஸ்டூவர்ட் வம்சத்துக்காகக் கிளர்ந்த ஜாக்கபைட்டுகள் கலோடன் போரில் தோற்ற 1746ஆம் ஆண்டிலேயே, ஹைலண்ட் உடைக்குத் தடைச் சட்டம் வந்தது. ஆண்களும் சிறுவர்களும் கில்ட் கட்டினால் முதல் முறை ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். அரசுப் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782 வரை இதுதான் நிலை. யாரும் உடுத்தலாம் என்று நீங்கள் நீட்டும் துணி, மற்றவர்கள் உடுத்தக் கூடாது என்றிருந்த காலத்தில் சர்க்கார் உடுத்திய துணி.

இனி அந்தப் பட்டியலுக்கு வருகிறேன். குலத்துக்கொரு கட்டம் என்பது அது காட்டும் அளவுக்குப் பழையதல்ல. கலோடனில் தம் ஆள் யார் என்று கண்டுகொள்ளத் தொப்பியில் குத்திய வெள்ளை நாடாவைப் பார்த்தார்களே தவிர, கில்டின் கட்டத்தைப் பார்க்கவில்லை. அந்தப் போரை வரைந்த டேவிட் மோரியரின் ஓவியத்தில் ஒரே ஆள் மேலேயே பல வகைக் கட்டங்கள் இருக்கின்றன. 1815இல் லண்டன் ஹைலண்ட் சங்கம் குலத் தலைவர்களிடம் அவரவர் துணியின் மாதிரியைக் கேட்டபோது, எது தம்முடையது என்று சில தலைவர்களுக்கே தெரியவில்லை. பானக்பர்ன் ஊர் வில்சன் நெசவாலையில் எண்ணாலும் வாடிக்கையாளர் பெயராலும் விற்ற கட்டங்கள் பிறகு குலப் பெயர் சூடிக்கொண்டன. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நடத்திய கோலாகலத்தில் ஊரே டார்ட்டன் எனும் இந்தக் கட்டத் துணிக்கு அலைந்தது. இருபது ஆண்டு கழித்து, ஜாக்கபைட்டுகளின் தலைவரான இளவரசர் சார்லியின் பேரர்கள் என்று சொல்லிக்கொண்ட ஆலன் சகோதரர்கள், யாருமே கண்ணால் பார்த்திராத ஒரு பழஞ்சுவடியை ஆதாரம் காட்டி ஒரு நூலே வெளியிட்டார்கள். அதிலிருந்து வந்த கட்டங்கள் இன்றும் உங்கள் அலமாரிகளில் அடுக்கியிருக்கின்றன.

டார்ட்டனே பொய் என்று நான் சொல்லவரவில்லை. நீள இழையான பாவில் எந்த வரிசையில் எத்தனை இழை வண்ணம் ஓடுகிறதோ, அதே கணக்கு குறுக்கு இழையான ஊடையிலும் ஓட, இரண்டும் வெட்டும் இடத்தில் மூன்றாவது நிறம் பிறக்கும் நெசவு அது. எட்டு கெஜத் துணியை மடிப்பெடுத்த பிறகும் கட்டம் பிசகாமல் தைப்பவரை நான் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். கிளென் அஃப்ரிக் சதுப்பு நிலத்தில் கிடைத்த டார்ட்டன் துண்டுக்கு நானூறு வயதுக்கு மேல். இத்தனை பழமை கையில் இருக்கும்போது கடன் வாங்கிய பழமை எதற்கு?

என் வேண்டுகோள் சிறியது. பட்டியலை இறக்க வேண்டாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் அது முதலில் பதிவான ஆண்டைப் போடுங்கள். எங்கே நெய்தது, கம்பளியா அக்ரிலிக்கா என்பதையும் எழுதிவிடுங்கள். (அக்ரிலிக்கைக் கம்பளி விலைக்கு வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு.) குலப் பெயர் கொண்டவர்கள் தாராளமாகத் தங்கள் கட்டத்தைக் கட்டட்டும், இருநூறு ஆண்டு வழக்கமும் வழக்கம்தான். மற்றவர்களிடம் பெயருக்குப் பதிலாக ஊரைக் கேளுங்கள். 1690களில் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைச் சுற்றிவந்த மார்ட்டின் மார்ட்டின் என்ற எழுத்தாளர், போர்வையைப் பார்த்தே ஒருவர் எந்தப் பகுதி என்று சொல்லிவிடலாம் என்றுதான் எழுதினார். கிளாஸ்கோவுக்கு என்றே ஒரு டார்ட்டன் 1819ஆம் ஆண்டு வில்சன் மாதிரிப் புத்தகத்தில் இருக்கிறது. பதினோரு வருடமாக அங்கே குடியிருக்கிறேன். கேட்டிருந்தால் அதையே எடுத்திருப்பேன்.

இன்னொன்று. உங்கள் வாடகைச் சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டாம். அவரும் வீட்டில் கட்டம் போட்ட கைலிதான் கட்டுவார்.

இப்படிக்கு,
கிளாஸ்கோவிலிருந்து ஒரு வாடிக்கையாளர்