நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வேதாகமத்தில் வரும் நெகேமியாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சூசான் அரண்மனையில் பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரராக, அதாவது ராஜாவுக்குத் திராட்சரசம் பரிமாறுகிறவராக, சுகமாக இருந்தவர், கி.மு. 445-இல் அதை விட்டு எருசலேமுக்கு வந்து, இடிந்து கிடந்த அலங்கத்தை (நகர மதிலை) 52 நாளில் கட்டி முடித்த கதை. தன்னலம் பாராதவர் என்பதற்குக் கட்டுரையாளர் காட்டும் சான்று அந்த அலங்கம்தான். எங்கள் சபைகளிலும் இதே வழக்கம். கட்டட நிதிக்குக் காணிக்கை எடுக்கிற மாதத்தில் நெகேமியா பிரசங்கம் தப்பாது. நான்காம் அதிகாரம் முடிந்ததும் பிரசங்கியார் ஒரே தாவாக ஆறுக்குப் போய்விடுவார்.

தாண்டிப்போகிற அந்த ஐந்தில்தான் விஷயமே இருக்கிறது.

மதில் வேலை நடக்கும்போதே ஜனங்கள் மனைவிமாரோடு வந்து முறையிடுகிறார்கள். சன்பல்லாத்து போன்ற வெளிப்பகைவர் மேல் அல்ல, சொந்த யூதர் மேல். பஞ்சத்தில் தானியம் வாங்க வயலும் திராட்சத்தோட்டமும் வீடும் அடகு போயின. பெர்சிய ராஜாவின் தீர்வைக்கு வேறு கடன். அவர்கள் பெண்பிள்ளைகளில் சிலர் அதற்குள் அடிமைப்பட்டும் விட்டார்கள். வட்டி நூற்றுக்கு ஒன்று. மாதத்துக்கு என்று உரைகாரர் பலர் கொள்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சில் ஒரு வட்டி. இன்று யாராவது ஒரு வட்டிக்குக் கொடுத்தால் அவரைக் கும்பிடுவோம்! ஆனால் எளியவனான சகோதரனிடம் வட்டியே வாங்கக் கூடாது என்பது யாத்திராகமம் 22-லும் லேவியராகமம் 25-லும் உள்ள கட்டளை.

நெகேமியாவுக்குக் கோபம் வருகிறது. பிரபுக்களையும் அதிகாரிகளையும் கூட்டத்தின் நடுவே கண்டிக்கிறார். இவ்வளவை எந்தத் தலைவரும் செய்துவிடுவார். பத்தாம் வசனம் வேறு. கடன் கொடுத்தவர்களில் தம்மையும் தம் சகோதரரையும் வேலைக்காரரையும் சேர்த்தே சொல்கிறார். அவரும் வட்டி வாங்கினாரா என்பதில் உரைகள் வேறுபடுகின்றன. எப்படியானாலும், வட்டியை 'விடுங்கள்' என்று அவர் தொடங்கவில்லை, 'விடுவோம்' என்கிறார். பிறகுதான் கடன்பட்டவர்களின் நிலத்தை இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். வாய்ப்பேச்சை நம்பாமல் ஆசாரியரை அழைத்து ஆணையிட வைத்து, தம் உடையின் மடியை உதறியும் காட்டுகிறார். மடியில் பணம் முடிந்துவைத்த தாத்தாக்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செய்கை உடனே விளங்கும்.

நெகேமியா அங்கே தேசாதிபதியாகவும் (ஆளுநராகவும்) இருந்தார். அவருக்கு முன்னிருந்த தேசாதிபதிகள் அப்பமும் திராட்சரசமும் போக 40 சேக்கல் வெள்ளியும் ஜனங்களிடம் வாங்கினார்கள். இவர் 12 வருஷம் தமக்குரிய படியைத் தொடவில்லை. பந்தியில் தினம் 150 பேர். அதற்கு ஒரு காளை, ஆறு நல்ல ஆடுகள், பறவைகள். எல்லாம் கைக்காசு. இதைவிட என் மனதில் நிற்பது வேறொன்று: அவரும் அவருடைய ஆட்களும் வயல் எதையும் வாங்கவில்லை. பஞ்சத்தில் நிலம் என்ன விலைக்குப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் அவரே எழுதிவைத்து, 'என் தேவனே, இதை எனக்கு நன்மையாக நினைத்தருளும்' என்ற பொருளில் முடிக்கிறார். கொஞ்சம் சுயபுராணம்தான். இருக்கட்டும், அவ்வளவு செலவு செய்தவர் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம்.

கடைசியாக, கட்டுரையில் ஒரு திருத்தம். 'பேதமின்றி அனைவரும் தோள்கொடுத்தனர்' என்றிருந்தது. மூன்றாம் அதிகாரம் ஐந்தாம் வசனத்தைப் பார்க்க வேண்டுகிறேன். தெக்கோவா ஊரார் வேலைக்கு வந்தார்கள். அவர்களுடைய பிரபுக்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை, அதாவது வேலைக்கு உடன்படவில்லை. அதே அதிகாரத்தின் 27-ஆம் வசனத்தில் அந்தத் தெக்கோவா ஊரார் இன்னொரு பங்கையும் கட்டியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை