மழைக்கடவுளின் பக்கம்

அன்புள்ள முத்து,

கடிதம் போடவில்லை என்று ராஜியிடம் புகார் வாசித்தாயாம். சரி, திட்டு வாங்கியாகிவிட்டது. முட்டி எப்படி? டாக்டர் சொன்ன நடை உண்டா, இல்லை டீக்கடை வரைக்கும்தானா?

மெக்சிகோ நகரத்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஊர் நடுவில், கதீட்ரலுக்குப் பக்கத்திலேயே, ஸ்பானியர் வருமுன் இங்கே ஆண்ட ஆஸ்டெக்குகளின் பெரிய கோயிலைத் தோண்டி வைத்திருக்கிறார்கள். தெம்ப்லோ மயோர் என்று பெயர். பேத்தி ஒருமுறை வந்தாள். இப்போதெல்லாம் "நீங்களே போங்க தாத்தா" என்கிறாள்.

அஸ்திவாரம் போட்டே தலை நரைத்த உனக்கு இதைச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? இந்த ஊர் அப்போது ஏரி நடுவே ஒரு தீவு. 1325 வாக்கில் அதில் குடியேறியிருக்கிறார்கள். "சேறா? சைட்டை மாத்து" என்பாயே, அவர்கள் மாற்றவில்லை. மரக்கட்டைகளைச் சேற்றில் அடித்து இறக்கி, எடை குறைந்த தெசோந்த்லே எரிமலைக் கல்லைப் போட்டு எழுப்பிவிட்டார்கள். பெரிதாக்கும்போது பழையதை அப்படியே உள்ளே விட்டு மேலே கட்டுவது அவர்கள் வழக்கம். இப்படி ஏழு கட்டம். 1521இல் ஸ்பானியர் ஊரைப் பிடித்துக் கோயிலை இடித்தபோது போனதெல்லாம் வெளியே இருந்தவைதான். உள்ளே புதைந்திருந்த இரண்டாம் கட்டம் உச்சிச் சன்னிதியோடு தப்பிவிட்டது. அங்கே மல்லாந்து கிடக்கும் சிலையில் இன்னும் சாயம் தெரிகிறது! கதீட்ரல் கதை தெரியுமா? அதுவும் அதே சேற்றில் கோணலாக இறங்க, 1990களில் உயர்ந்து நின்ற பகுதிக்கு அடியிலிருந்து மண்ணை எடுத்துச் சரிக்கட்டினார்கள்.

உச்சியில் இரண்டு சன்னிதி. தெற்கே போர்க்கடவுள் வீட்ஸிலொபோச்த்லி, வடக்கே மழைக்கடவுள் த்லாலோக். சோளமும் கப்பமும்தான் அவர்கள் பிழைப்பு, சாமிகளும் அதற்கேற்ப. போர்க்கடவுள் ஆயுதத்தோடு பிறந்து, தாயைக் கொல்ல வந்த அக்கா கொயோல்ஷௌகியை வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்டானாம். கோயில்தான் அந்த மலை. துண்டு துண்டான அக்காவைச் செதுக்கிய வட்டக்கல், மூன்று மீட்டருக்கு மேல் அகலம், அவன் பக்கத்துப் படிக்கட்டின் அடியில் கிடந்தது. 1978இல் மின்சார வேலைக்குக் குழி வெட்டியவர்கள் அதில் போய் முட்டியதால்தான் இத்தனையும் வெளியே வந்தது.

கோயிலைப் பெரிதாக்கி நடத்திய 1487 திறப்பு விழாவில் நான்கே நாளில் 80,400 பேர் பலி என்று சுந்தரம் வாட்சப்பில் அனுப்பினானே, அவனிடம் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல். ராப்பகலாக நிமிஷத்துக்குப் பதினாலு பேர்! ஸ்பானியப் பாதிரி எழுதிவைத்த எண் அது, ஆராய்ச்சியாளர்கள் ஏற்பதில்லை. அதற்காகப் பலியே இல்லை என்று நினைத்துவிடாதே. 2015இல் பக்கத்துத் தெருவில் மண்டையோடுகளை அடுக்கிக் கட்டிய மேடை கிடைத்திருக்கிறது, பெண்கள் மண்டையோடும் உண்டு.

இப்படி அவர்களுக்காக நியாயம் பேசிக்கொண்டே வந்தவனுக்கு த்லாலோக் பக்கத்தில் வாய் அடைத்துவிட்டது. அங்கே ஒரு கல்பெட்டியில் 42 குழந்தைகளின் எலும்புகள். ஏழு வயதைத் தாண்டியவர்கள் அபூர்வம். சில பிள்ளைகளின் வாயில் பச்சைக்கல் மணி. 1454ஐ ஒட்டிய பெரும் பஞ்சத்தில் மழை கேட்டுக் கொடுத்த பலி என்கிறார்கள். பிள்ளைகள் அழுதால் மழை நிச்சயம் என்பது அவர்கள் நம்பிக்கை.

"பஞ்சம் வந்தால் மனுஷன் எதையும் செய்வான்" என்று நீ ஆரம்பிப்பாய், தெரியும். மழைச்சாமிக்கான பிள்ளைகளைத் தாய்மாரிடம் விலைக்கு வாங்குவார்கள் என்று சகாகுன் என்ற இன்னொரு ஸ்பானியப் பாதிரி எழுதியிருக்கிறார். பஞ்ச காலத்தில் எந்த வீட்டுத் தாய் விற்றிருப்பாள், பூசாரி வீட்டிலா? இதற்குப் பதில் சொல், அப்புறம் மனுஷனைப் பற்றிப் பேசலாம். பேத்தி கேட்டபோது "மழைக்கான பூஜை" என்று பாதியோடு நிறுத்திவிட்டேன். அவளுக்கு ஆறு வயது.

பொங்கலுக்கு முன்னால் ஊருக்கு வந்துவிடுவேன். அந்தப் பழைய லெவல் கருவியை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே, அது என்னுடையது.

அன்புடன்,
கணேசன்