சாயரட்சையில் அரை மணி நேரம்: எங்கள் கோயில் அறங்காவலர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர் குழுவினருக்கும் நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்குப் பக்கத்திலுள்ள நம் கோயிலின் மண்டபத்தில் என் தாயார் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாயரட்சை என்னும் மாலைப் பூசை வேளையில் தேவாரம் பாடிவந்தது தங்களுக்குத் தெரியும். கடைசிச் சில ஆண்டுகள் எத்தகைய இரைச்சலுக்கு நடுவே பாடினார் என்பதும் தெரியும். அவர் மறைந்தபின், அவரிடம் பாடம் கேட்ட பெண்களும் பிள்ளைகளும் அதே இடத்தில் அமர்ந்து பாடுவதற்காக, பூசை நேரத்தில் அரை மணி நேரம் மட்டும் ஒலிபெருக்கியை நிறுத்திவைக்குமாறு எழுத்து மூலம் கேட்டிருந்தோம். சென்ற பிரதோஷத்தன்று அதற்கு வாய்மொழியாக விடை கிடைத்தது: "உங்க அம்மா பாடின ரெக்கார்டிங் இருந்தா பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க, தினமும் அதையே போட்டுடறோம்." நல்லெண்ணத்தில் சொன்னதாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்த விடையை என்னால் விழுங்க முடியவில்லை.

அம்மா இசைப் பள்ளிக்குப் போனவர் அல்லர். திருமணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில், அப்போதிருந்த முதிய ஓதுவார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதைத் தூணோரம் நின்று கேட்டுக் கேட்டுக் கற்றவர். அதைக் கவனித்த பெரியவர், உட்கார்ந்து பாடச் சொல்லித் திருத்தத் தொடங்கினார். பொருள் கெடாமல் சொல்லைப் பிரித்த பிறகே பண்ணுக்குள் போக வேண்டும் என்பது அவர் கற்றுத்தந்த முறை. "கூற்றாயினவாறு" பதிகத்தைக் கொல்லிப் பண்ணில் பாட எங்கள் அம்மா மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே முறையில்தான். 2021இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கம் கோயிலில் பெண் ஓதுவார் ஒருவரை அரசு பணியமர்த்திய செய்தியை நாளிதழிலிருந்து வெட்டித் தம் திருமுறைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். தமக்கென்று எந்தப் பதவியையும் அவர் கேட்டதில்லை. பாட ஓர் இடம் போதும் என்றிருந்தார்.

அந்த இடத்தில் அவர் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐந்து கட்டைச் சுருதியில் பாடிவந்தவர் வயதான பின் நாலரைக் கட்டைக்கு இறங்கியிருந்தார். தலைக்கு மேலே தூணில் கட்டிய ஒலிபெருக்கி வேறொரு சுருதியில் முழங்கும்போது, மடிக்கருகில் இருக்கும் சுருதிப் பெட்டியே காதில் விழாது. பெரிய சத்தத்தின் பக்கம் குரல் தன்னையறியாமல் இழுபடும் என்பதைப் பாடிப் பழகிய எவரும் சொல்வார்கள். பக்கத்துச் சிறுமி துருத்தியை அசைத்துக்கொண்டிருக்க, அம்மா இடக்கையால் காதைப் பொத்திக்கொண்டு, வலக்கை விரல்களைச் சுருதிப் பெட்டியின் பலகைமேல் வைத்திருப்பார். காதுக்கு எட்டாத சுருதியை விரலில் படும் அதிர்வால் பிடித்துக்கொள்ளப் பார்ப்பார். எழுபதைத் தாண்டிய ஒரு பெண் மாலைதோறும் அப்படி உட்கார்ந்திருந்ததை அலுவலக அறையிலிருந்து தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். யாராவது ஒருவர் எழுந்து ஆம்ப்ளிஃபயரை அணைத்திருக்கலாம். அதற்கு எந்தத் தீர்மானமும் தேவைப்பட்டிருக்காது.

இது எந்த ஊர் என்பதைத் தங்களுக்கு நினைவூட்ட வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட நாவுக்கரசர் "சொற்றுணை வேதியன்" என்று பாடிக் கரையேறியதாகப் பெரியபுராணம் சொல்லும் ஊர் இது. கரையேறவிட்டகுப்பம் என்ற பெயர் இன்றும் இங்கே வழங்குகிறது. அவர் சூலை நோயோடு வந்து முதல் பதிகம் பாடிய திருவதிகை, பண்ருட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்த மண்ணில் ஒரு சிவன் கோயிலில் மனிதக் குரலுக்கு இடமில்லை என்றால் வேறெங்கே இருக்கும்? நாகசுரமும் தவிலும் போய் மின்சார மேளம் வந்தபோதும் நாம் பேசாமல் இருந்தோம். பித்தளை மணியையும் தோலையும் மோட்டார் அறைந்துகொண்டிருக்கும்போது தீபாராதனையில் ஒருவர் வாய்விட்டு ஒரு வரி பாடினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்பதில்லை. குடியிருப்புப் பகுதியில் பகல் நேரத்துக்கு 55 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. புகார் கொடுக்கும் எண்ணத்தில் இதை எழுதவில்லை. ஆனால் விதி இருக்கிறது என்பதும் உண்மை.

பென் டிரைவ் பற்றிக் கேட்டதற்கு விடை சொல்லிவிடுகிறேன். அம்மா பாடிய நல்ல பதிவு எதுவும் எங்களிடம் இல்லை. மண்டபத்தில் கைபேசியில் பதிவுசெய்த சிலவற்றில் கோயில் ஒலிபெருக்கிதான் முன்னால் கேட்கிறது. "ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய்" என்று அவர் தொடங்குவதை அதற்கு அடியிலிருந்து தேடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. தெளிவான பதிவு இருந்தாலும் தரமாட்டேன். தம் குரல் மண்டபத்தில் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக அவர் அத்தனை பேருக்குப் பாடம் சொல்லவில்லை. அடுத்தவர் பாட வேண்டும் என்பதற்காகச் சொன்னார். பாடத் தெரிந்தவர்கள் வாசலில் நிற்கும்போது, மறைந்தவரின் குரலைப் போட்டு அவர்களை வாயடைக்க வைப்பதற்கு நான் உடன்பட முடியாது.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது முன்பு கேட்டதுதான்: சாயரட்சையில் அரை மணி நேரம் ஒலிபெருக்கியையும் மின்சார மேளத்தையும் நிறுத்திவையுங்கள். மீதி நேரத்தைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கூலியோ மேடையோ பெயர்ப் பலகையோ வேண்டாம். ஜமக்காளமும் சுருதிப் பெட்டியும் நாங்களே கொண்டுவந்து, நாங்களே எடுத்துச் செல்வோம். வருகிற சித்திரைச் சதயம் அப்பர் குருபூசை. அன்று மாலையிலிருந்து இது நடக்க ஆவன செய்யுமாறும், அதற்கு முன் தங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கோயில் தெருவில் குடியிருக்கும் ஒரு மகள்