கைதிகள் போட்ட கொயினாத் தோட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் நீலகிரிப் பயணக் கட்டுரையில் நடுவட்டத்துப் பழைய சிறையைப் பற்றி இரண்டு வரி வந்திருந்தது. பிரிட்டன் சீனாவுடன் நடத்திய அபினிப் போரில் பிடிபட்ட சீனச் சிப்பாய்கள் தேயிலை நட்ட இடம் என்கிறார் கட்டுரையாளர். ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் எந்த டாக்சியில் ஏறினாலும் இதே கதைதான். ஓட்டுநர் சொன்னால் அது பேச்சு. அச்சில் வந்தால் வரலாறாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நடுவட்டத்தில் அரசு முதலில் போட்டது தேயிலை அன்று, கொயினா; அதாவது, பட்டையிலிருந்து மலேரியா மருந்து எடுக்கும் சிங்கோனா மரம். மலேரியாவில் வெள்ளைக்காரப் படையே படுத்துக் கிடந்த காலம். 1860இல் ஆங்கிலேயரான கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவுக்குப் போய்ச் சிங்கோனாக் கன்றுகளைக் கொண்டுவந்தார். அவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயின. ஈக்வடாரில் தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் சேகரித்தனுப்பிய சிவப்புப் பட்டை வகைதான் பிழைத்தது. ஊட்டித் தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த மக்ஐவர் அதைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பெருக்கினார். பட்டையைக் கீற்றாக உரித்து, காயத்தைப் பாசியால் மூடினால் பட்டை மறுபடி வளரும் என்று காட்டியவரும் அவர்தான். அவர் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. மண்வெட்டி பிடித்தவர்களில் கைதிகளும் இருந்தார்கள் என்பதற்குத்தான் அடிக்குறிப்பைத் தேட வேண்டியிருக்கிறது.

அந்தச் சீனர்கள் போர்க்கைதிகள் என்பதைவிட, பினாங்கு, சிங்கப்பூர் பக்கத்தில் தண்டனை பெற்றவர்கள் என்பதே பழைய பதிவுகளில் உள்ளது. அங்கே சிறைகளில் இடம் போதவில்லை என்று நீலகிரிச் சிறைக்கு அனுப்பினார்கள். 1867 வரை அந்த ஆங்கிலேயக் குடியேற்றங்கள் கல்கத்தாவிலிருந்த இந்திய அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததால் இந்த மாற்றல் எளிது. இதில் வேடிக்கை என்னவென்றால், இங்கிருந்து கப்பலேற்றிய நம் கைதிகள் அதே காலத்தில் சிங்கப்பூரில் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டி, சுவருக்குச் சென்னைச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்கள். இங்கே உள்ளவனை அங்கே, அங்கே உள்ளவனை இங்கே. சொந்த ஊரில் பூட்டிவைத்தால் கூலியில்லா ஆள் எங்கே கிடைப்பான்?

1867இல் பன்னிரண்டு சீனக் கைதிகள் தப்பி ஓடினார்கள். துரத்திப் போன போலீஸ்காரர்கள் காட்டில் பிணமாகக் கிடைத்தார்கள். ஓடியவர்கள் மலபார்ப் பக்கம் பிடிபட்டார்கள். 1908ஆம் ஆண்டு நீலகிரி மாவட்ட கெசட்டியர் என்ற அரசு விவரநூல் இதைத் துப்பறியும் கதைபோல விவரிக்கிறது.

எனக்கு அதைவிட முக்கியம், ஓடாதவர்களின் கதை. தண்டனைக் காலம் முடிந்ததும் சிலர் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே குடியேறினார்கள். காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். அவர்களை மணந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதித் தமிழ்ப் பெண்கள். சென்னை அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்கர் தர்ஸ்டன் இந்தக் குடும்பங்களை நேரில் பார்த்து, தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் வந்த தம் தொகுதியில் எழுதிவைத்தார். அவருக்கு அது கலப்பினம் பற்றிய ஆராய்ச்சி. நமக்கோ அடுத்த வீட்டுக் கதை. சிறையைப் பற்றி இரண்டு வரி எழுத இடமிருந்த கட்டுரையில் அந்தப் பெண்களுக்கு அரை வரிகூட இல்லை.

போர்க்கைதி என்றால் கேட்பவருக்கு ஒரு வீரக்கதை கிடைக்கிறது. திருட்டுக்கோ அடிதடிக்கோ உள்ளே போனவன் என்றால் சுவை குறைந்துவிடுகிறது போலும். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். தேயிலை என்ற இடத்தில் கொயினா, சிப்பாய் என்ற இடத்தில் தண்டனைக் கைதி. இடம் மிஞ்சினால் அந்தக் குடும்பங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கூடலூர்