துண்டுச் சீட்டை லாட்டரி என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'மூன்று நம்பர் லாட்டரி விற்றவர் கைது' என்று எங்கள் பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கத்துச் செய்தி உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. அங்கே விற்பது மூன்று இலக்க எண்ணைக் கையால் எழுதித் தரும் வெறும் துண்டுச் சீட்டு. அந்தத் தலைப்பிலிருந்து லாட்டரி என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை வரும்வரை தர்மபுரி பஸ் நிலையத்தில் லாட்டரிச் சீட்டு விற்றவன் நான். தடையை நான் குறை சொல்லவில்லை. சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு என் பலகைக்கு முன்னால் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பெண்கள் வந்து அழுததையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நான் விற்ற சீட்டில் அரசின் பெயர், வரிசை எண், குலுக்கல் தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். நானே ஊரைவிட்டு ஓடிப்போனாலும் பரிசுக்கு அரசு பதில் சொல்லியாக வேண்டும். 1998-ல் வந்த மத்திய அரசின் லாட்டரிச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சீட்டை மாநில அரசு அச்சிட வேண்டும், குலுக்கலை அரசே நடத்த வேண்டும், கேட்டு வராத பரிசுப் பணம் அரசுக்குச் சேர வேண்டும். ஒரே ஒரு இலக்கத்தை வைத்துப் பரிசே கொடுக்கக் கூடாது.

சில மாதங்களுக்கு முன் தக்காளி மண்டியில் கூடை ஏற்றும் தம்பி ஒருவர் என் கடைக்கு வந்து, "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்கண்ணே" என்று ஒரு தாளை நீட்டினார். நோட்டுத் தாளைக் கால்வாசியாகக் கிழித்த துண்டு. நீலப் பேனாவில் 472, கீழே தேதி. வேறு ஒரு எழுத்தில்லை. திருவனந்தபுரத்தில் மதியம் 3 மணிக்குக் கேரள அரசு நடத்தும் குலுக்கலில், முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கம்தான் இந்தத் துண்டுச் சீட்டுக்காரர்களின் ஆட்டம். 60 ரூபாய் கட்டினால் 25,000 என்று பேச்சு. அன்றைக்கு 472 விழுந்தேவிட்டது. எழுதிக் கொடுத்தவன் அன்று மாலையே போனை அணைத்துவிட்டான். கேரள அரசுக்கும் அந்தத் தாளுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. போலீசுக்குப் போனால் நாமும் மாட்டுவோம் என்ற பயம் வேறு. தம்பி அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

000 முதல் 999 வரை ஆயிரம் எண். ஆயிரம் பேர் ஆளுக்கு ஒன்று எழுதினால் வசூல் 60,000. நாணயமாக 25,000 கொடுத்தாலும் எழுதுகிறவன் கையில் 35,000 நிற்கும். வசூலில் பாதிகூடப் பரிசாகத் திரும்பாது. ஸ்பெயினில் 1812 முதல் நடக்கும் கிறிஸ்துமஸ் லாட்டரியில் வசூலில் 70 சதவீதம் பரிசாகத் திரும்புகிறது. பள்ளிப் பிள்ளைகள் எண்களைப் பாடிச் சொல்ல, நாடே பார்க்கிறது. பிரிட்டனில் 180 நாளுக்குள் வாங்காத பரிசு பொதுக் காரியங்களுக்குப் போகிறது.

அரசு லாட்டரியிலும் மோசடி நடந்ததுண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அரசே நடத்திய மூன்று நம்பர் குலுக்கலில், 1980-ல், 4, 6 தவிர மற்றப் பந்துகளுக்குள் பெயிண்ட் ஏற்றிக் கனமாக்கிவிட்டார்கள். விழுந்தது 666. எந்த எண்ணில் எவ்வளவு பணம் விழுந்தது என்ற கணக்கு இருந்ததால் சந்தேகம் கிளம்பியது. டிவியில் குலுக்கலை நடத்தியவரே ஜெயிலுக்குப் போனார். இங்கே அந்த நீலப் பேனாக்காரனை எந்தக் கணக்கை வைத்துப் பிடிப்பது?

அந்தத் தம்பி கடைசிவரை அதைக் 'கேரளா லாட்டரி' என்றே சொன்னார். அரசாங்கச் சீட்டு என்று நம்பித்தான் பணம் கட்டியிருக்கிறார். நீங்களும் லாட்டரி என்றே அச்சிட்டால் அந்த நம்பிக்கை இன்னும் நாலு பேருக்குப் பரவும். சூதாட்டம் என்று போடுங்கள். எத்தனை சீட்டு பிடிபட்டது என்று எழுதுவதோடு, வசூலான பணம் எந்த ஊரில் யார் கைக்குப் போகிறது என்பதையும் உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுத வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் லாட்டரி வியாபாரி,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.